ஆடாமல் போன பிளஸ் டூ டீம் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஜப்பானின் பள்ளி பேஸ்பால் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். 2020இல் கொரோனாவால் கோஷியென் என்ற தேசியப் பள்ளி பேஸ்பால் போட்டி ரத்தானதும் மாணவர்கள் அழுததாக எழுதியிருந்தீர்கள். அந்த இடத்துக்குப் பிறகு என்னால் மேலே படிக்க முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. 2019-20இல் எங்கள் பெண்கள் வாலிபால் டீம் குறுவட்டத்தில் ஜெயித்தது, வருவாய் மாவட்டத்திலும் ஜெயித்தது, மண்டல அளவில் தோற்றது. டீமில் முக்கால்வாசிப் பேர் பிளஸ் ஒன். அடுத்த வருஷம் ஸ்டேட் போகிறோம் என்று அவர்களே சுவரில் எழுதி வைத்திருந்தார்கள். அந்த அடுத்த வருஷம் வரவே இல்லை. 2021 ஜனவரியில் பள்ளி திறந்தபோது கிரவுண்டில் இடுப்பளவுக்குப் புல். பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் மட்டும் நடத்தினால் போதும், கிரவுண்டுக்கு விடவேண்டாம் என்று உத்தரவு. அதற்குள் எங்கள் செட்டருக்கு, அதாவது மற்றவர்கள் அடிக்கப் பந்தைத் தூக்கிக்கொடுப்பவளுக்கு, கல்யாணமே முடிந்திருந்தது. இன்னொருத்தி குடும்பக் கஷ்டத்தில் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள். கல்லூரியில் சேர்ந்து தொடர்ந்து ஆடியவள் ஒரே ஒருத்தி.

இதை ஸ்டாஃப் ரூமில் ஒருமுறை சொன்னேன். "ஊரே உயிருக்குப் போராடிய நேரத்தில் வாலிபாலெல்லாம் ஒரு கவலையா?" என்று கேட்டார் ஒரு சக ஆசிரியர். இரண்டாம் அலையில் என் மாமனாரைப் பறிகொடுத்தோம் ஐயா. அதனால் எனக்குப் பதில் வரவில்லை. நான் வருத்தப்படுவது தப்பா?

இன்னொன்றும் கேட்கவேண்டும். அந்தப் பிள்ளைகளைத் திரும்பக் கூப்பிட்டு ஒரே ஒரு மேட்ச் ஆடவைக்க எனக்கு ஆசை. வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

(பெயர், பள்ளி வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

*

அன்புள்ள டீச்சர்,

உங்கள் மாமனாருக்கு என் அஞ்சலி.

நோயில் ஒருவரை இழந்த வீட்டிலிருந்து வந்த கடிதம் இது. ஆகவே முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியதும் போட்டிகளை நிறுத்தியதும் சரிதான். ஆளைப் பிடிக்காமல் கபடி இல்லை, ஒரே பந்தை ஆறு பேர் தொடாமல் வாலிபால் இல்லை. நோய் எப்படிப் பரவுகிறது என்றே புரியாத அந்த மாதங்களில் வேறு வழி இருக்கவில்லை. உங்கள் சக ஆசிரியர் சொன்னதில் இந்த அளவுக்கு நியாயம் உண்டு, அதற்கு மேல் இல்லை. மாமனாருக்காக அழுத அதே நீங்கள்தான் அந்தப் பிள்ளைகளுக்காகவும் வருந்துகிறீர்கள். இரண்டில் ஒன்றைத்தான் செய்யவேண்டும் என்று உங்களிடம் கேட்க யாருக்கும் உரிமை கிடையாது.

அந்த நாட்களில் எல்லோரும் சொன்ன ஒரு பேச்சு உண்டு. "சின்னப் பிள்ளைங்கதானே, அவங்களுக்கு இன்னும் எவ்வளவோ காலம் கிடக்கு." எனக்குக் கோபம் வருவது இந்தப் பேச்சின் மேல்தான். பள்ளி விளையாட்டில் காலமே இல்லாதவர்கள் பிள்ளைகள்தான். பதினான்குக்குக் கீழ், பதினேழுக்குக் கீழ், பத்தொன்பதுக்குக் கீழ் என்று மூன்று கதவு. ஒவ்வொன்றும் பிறந்த தேதியைப் பார்த்து மூடிக்கொள்ளும். முப்பது வயது கிரிக்கெட் வீரருக்கு ஒரு சீசன் தள்ளிப்போனால் அடுத்தது வரும். அதையும்கூட விட்டுவிடவில்லை. 2020 ஐபிஎல்லை ஐக்கிய அரபு அமீரகத்துக்குக் கொண்டுபோய், செப்டம்பர் 19 முதல் நவம்பர் 10 வரை ஆடி முடித்தார்கள். டோக்கியோ ஒலிம்பிக்ஸ் ஓர் ஆண்டு தள்ளிப்போய் நடந்தது. பிளஸ் டூ பெண்ணின் பள்ளிப் போட்டியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளினால் அதை ஆடப்போவது அவளுடைய ஜூனியர்.

ஒலிம்பிக்ஸில் ஆண்கள் கால்பந்து 23 வயதுக்கு உட்பட்டோருக்கானது. போட்டி 2021க்குத் தள்ளிப்போனதும், 1997 ஜனவரி 1க்குப் பிறகு பிறந்தவர்கள் ஆடலாம் என்ற பழைய விதியை அப்படியே வைத்துக்கொண்டார்கள். யாரும் வயதால் வெளியே போகவில்லை. நல்ல முடிவு. அதே 2020இல் 17 வயதுக்கு உட்பட்ட பெண்களின் உலகக் கோப்பை இந்தியாவில் நடக்கவேண்டியிருந்தது. முதலில் 2021 பிப்ரவரிக்குத் தள்ளினார்கள், பிறகு 2020 நவம்பரில் ரத்து செய்தார்கள். இந்தியாவுக்கு 2022ஆம் ஆண்டுப் போட்டி கிடைத்தது. அக்டோபரில் புவனேஸ்வரிலும் கோவாவிலும் நவி மும்பையிலும் நன்றாகவே நடந்தது. ஆனால் அது 2005க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு. 2003இலும் 2004இலும் பிறந்து, சொந்த நாட்டில் உலகக் கோப்பை ஆடப்போகிறோம் என்று தயாரான பெண்கள் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். இந்தியாவுக்குப் போட்டி பறிபோகவில்லை. அந்தப் பிள்ளைகளுக்குப் பறிபோனது. அதைப் பற்றி நாம் எவ்வளவு பேசினோம்?

அமெரிக்காவிலும் கிட்டத்தட்ட இதே கதை. சீசனை இழந்த கல்லூரி வீரர்களுக்கு இன்னும் ஓர் ஆண்டு ஆட, அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏ அனுமதி தந்தது. ஏற்கெனவே உள்ளே இருந்தவர்கள் தங்கிவிட்டார்கள். ஆகவே அந்த ஆண்டு பள்ளி முடித்து வாசலில் நின்றவர்களுக்கு அணிகளில் இடம் குறைந்தது. போதாததற்கு, முதல் பிரிவுக் கல்லூரிகளின் பயிற்சியாளர்கள் பள்ளி வீரர்களை நேரில் பார்க்க 2020 மார்ச் முதல் 2021 மே கடைசிவரை தடை.

நம் ஊருக்கு வருகிறேன். இங்கே என்னை உறுத்துவது, எது முதலில் திறக்கப்பட்டது என்கிற வரிசை. 2020 மே மாதமே டாஸ்மாக் திறந்தது. நவம்பர் 10இல் பாதி இருக்கைகளோடு தியேட்டர் திறந்தது. 2021 பொங்கலுக்கு அவனியாபுரத்திலும் பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் ஜல்லிக்கட்டு நடந்தது. இவை எல்லாவற்றுக்கும் பிறகு ஜனவரி 19இல்தான் பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் திறந்தன. அப்போதும் உங்கள் பிள்ளைகளைக் கிரவுண்டுக்கு விடவில்லை. ஜல்லிக்கட்டை நிறுத்தியிருக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு விதிமுறை வகுக்கத் தெரிந்த நமக்கு, திறந்தவெளியில் பன்னிரண்டு பெண்கள் வலை கட்டி ஆடுவதற்கு ஒரு விதிமுறை வகுக்கத் தெரியாமல் போயிருக்காது. கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

மதிப்பெண்ணுக்குக் கேட்க ஆள் இருந்தது. 2021இல் பிளஸ் டூ பொதுத்தேர்வு ரத்தானபோது பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூவிலிருந்து 30 என்று கணக்குப் போட்டு எல்லோருக்கும் மார்க் ஷீட் கொடுத்தார்கள். எழுதாத பரீட்சைக்கு மதிப்பெண் கொடுக்க ஒரு வழி இருந்தது. ஆடாத மேட்சுக்கு அப்படி எதுவும் கொடுக்க முடியாது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் உண்டு, அரசு வேலையில் ஒதுக்கீடு உண்டு. எல்லாவற்றுக்கும் எந்த அளவில் ஆடினாய், எந்த இடம் பிடித்தாய் என்ற சான்றிதழ் வேண்டும். குறுவட்டத்தைத் தாண்டி, மாவட்டத்தைத் தாண்டி, மாநில வாசலில் நின்றவளுக்கு அந்த ஓர் ஆண்டு என்பது பொழுதுபோக்கு கிடையாது. டியூஷனுக்குக் காசில்லாத வீட்டுப் பெண்ணுக்குக் கல்லூரி போக இருந்த ஒரே வழி அதுவாக இருந்திருக்கலாம். உங்கள் செட்டர் ஸ்டேட் ஆடியிருந்தால் அந்தக் கல்யாணம் இரண்டு வருஷம் தள்ளிப்போயிருக்குமா? தெரியாது. "பிள்ளை ஸ்டேட் பிளேயர்" என்று அவள் அப்பாவிடம் வாதாட உங்கள் கையில் ஒரு காகிதமாவது இருந்திருக்கும்.

இனி ஜப்பான். உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

அங்கே மேல்நிலைப் பள்ளி மூன்று ஆண்டு. ஆகஸ்டில் கோஷியென் மைதானத்தில் நடக்கும் போட்டிக்காக நாடு முழுக்க மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் மாகாண அளவில் மோதி, கடைசியில் 49 அணிகள் வருகின்றன. ஒரு தோல்வியோடு வெளியேற வேண்டும். மூன்றாம் ஆண்டு மாணவனுக்கு அந்தத் தோல்விதான் பள்ளி விளையாட்டின் கடைசி நாள். தோற்றவர்கள் மைதானத்து மண்ணை அள்ளிப் பையில் போட்டு எடுத்துப்போவது அங்கே வழக்கம். 2020 மார்ச் 11இல், அதே மைதானத்தில் நடக்கும் வசந்தகாலப் போட்டி ரத்தானது. ஏப்ரல் 26இல் மற்ற விளையாட்டுகளுக்கான கோடைகாலத் தேசியப் பள்ளிப் போட்டியும் ரத்து. மே 20இல் ஆகஸ்ட் கோஷியெனும் ரத்து. 1915இல் தொடங்கிய அந்தப் போட்டி அதற்கு முன் இரண்டே முறைதான் ரத்தாகியிருந்தது. 1918இல் அரிசிக் கலவரம், 1941இல் போர்.

ரத்து செய்ததோடு பெரியவர்கள் கையைக் கழுவிவிடவில்லை. மாகாணங்கள் தனித்தனியே மாற்றுப் போட்டிகள் நடத்தின. மேலே போக இடம் கிடையாது, வென்றால் அங்கேயே முடிந்தது. சில இடங்களில் அணியின் எண்ணிக்கை விதியைத் தளர்த்தி, மூன்றாம் ஆண்டு மாணவர்கள் அத்தனை பேரையும் களத்தில் இறக்கினார்கள். மூன்று வருஷம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையன் அன்று மட்டையைப் பிடித்தான். வசந்தகாலப் போட்டிக்குத் தேர்வாகியும் ஆட முடியாமல் போன 32 பள்ளிகளையும் ஆகஸ்டில் கோஷியெனுக்கு வரவழைத்து, ஆளுக்கு ஒரே ஒரு ஆட்டம் கொடுத்தார்கள். கூட்டம் கிடையாது, பட்டமும் கிடையாது. அந்த மைதானத்தைச் சொந்தக் களமாகக் கொண்ட ஹான்ஷின் டைகர்ஸ் என்ற தொழில்முறை அணியும் மைதானமும் சேர்ந்து, கோஷியென் மண்ணை அடைத்த சாவிக்கொத்தை நாடெங்கும் உள்ள மூன்றாம் ஆண்டு பேஸ்பால் மாணவர்களுக்கு அனுப்பிவைத்தன. ஏறத்தாழ 50,000 பேருக்கு.

அடுத்த ஆண்டு நடந்த ஒன்றை உங்கள் சக ஆசிரியரிடம் சொல்லுங்கள். 2021இல் போட்டி நடந்தது. தொஹோகு ககுயின் என்ற பள்ளி முதல் ஆட்டத்தில் வென்றது. பிறகு அணியில் ஒருவருக்குத் தொற்று. மீதிப் பேரை வைத்து ஆடியிருக்கலாம். ஆனால் களத்தில் யார் இல்லை என்று பார்த்தால் நோய் யாருக்கு என்று ஊருக்கே தெரிந்துவிடும். அந்த மாணவன் மேல் பழி விழக்கூடாது என்று பள்ளியே போட்டியிலிருந்து விலகிக்கொண்டது. விளையாட்டைப் பெரிதாக நினைக்கிறவர்கள் உயிரையும் மனிதரையும் சிறிதாக நினைப்பார்கள் என்பது தப்புக் கணக்கு.

2022இல் கோப்பையை வென்றது செண்டாய் இகுஎய் பள்ளி. ஜப்பானின் வடகிழக்கில் உள்ள தொஹோகு வட்டாரத்துக்கே அது முதல் கோப்பை. அந்த அணியின் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் 2020 ஏப்ரலில் மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்தவர்கள், அதாவது மூடிய பள்ளியில் சேர்ந்தவர்கள். வென்ற பிறகு அவர்களின் பயிற்சியாளர் சுவே வதாரு, நாட்டில் உள்ள மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் எல்லோருக்கும் கை தட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டார். தன் பிள்ளைகளுக்கு மட்டும் கேட்கவில்லை. எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடித்துப்போனது.

இனி, நீங்கள் கேட்ட விஷயத்துக்கு நேராக வருவது 2023 நவம்பர். 2020இல் மூன்றாம் ஆண்டு படித்தவர்களில் ஒருவர், அப்போது கல்லூரி மாணவர், பொதுமக்களிடம் நிதி திரட்டி, அந்த ஆண்டு மாற்றுப் போட்டிகளில் வென்ற பள்ளிகளின் பழைய வீரர்களைத் தேடிச் சேர்த்தார். நவம்பர் 29இல் அவர்கள் பழைய சீருடையோடு கோஷியெனில் அணிவகுத்து நடந்து ஆடினார்கள். இருபதைத் தாண்டியவர்கள், வேலைக்குப் போய்விட்டவர்கள், பேஸ்பாலை விட்டுவிட்டவர்கள். யாரும் சிரிக்கவில்லை டீச்சர்.

அதனால் கூப்பிடுங்கள். கட்டாயம் கூப்பிடுங்கள். எனக்குத் தோன்றுகிற சிலவற்றையும் சொல்கிறேன். பொங்கல் லீவில் வையுங்கள், திருப்பூரிலிருந்து வருகிறவளுக்கு அப்போதுதான் தோதுப்படும். கல்யாணமான பெண்ணுக்குப் போனில் சொல்லி விட்டுவிடாதீர்கள். நீங்களே அவள் வீட்டுக்குப் போய் மாமியாரிடம் பேசுங்கள், அவரையும் மேட்ச் பார்க்க அழையுங்கள். டீச்சர் வீடு தேடி வந்தால் மறுப்பவர்கள் குறைவு. குழந்தை இருந்தால் பார்த்துக்கொள்ள இப்போதைய பிளஸ் ஒன் பிள்ளைகளை ஏற்பாடு செய்துவிடலாம். எதிர் டீமுக்கு வேறெங்கும் தேடவேண்டாம். மண்டலத்தில் உங்களைத் தோற்கடித்த பள்ளியிலும் அப்போது பிளஸ் ஒன் படித்தவர்கள் இருந்திருப்பார்கள், அவர்களுக்கும் அந்த ஆண்டு இல்லாமல்தான் போனது. அந்தப் பள்ளியின் பி.டி. டீச்சருக்கு ஒரு போன் போடுங்கள். ரொம்ப நாளாக ஆடாத முட்டிகள், ஆகவே ஒரு வாரம் முன்னாலேயே வீட்டில் கொஞ்சம் ஓடச் சொல்லுங்கள், செட்டை 15 பாயிண்ட்டோடு நிறுத்துங்கள். ஜெர்சியில் பெயரும் 2020-21 என்றும் போட்டுக் கொடுங்கள். அந்த ஜெர்சி எந்த ஒதுக்கீட்டுக்கும் உதவாது, அவர்களுக்கும் அது தெரியும். இருந்தாலும் கொடுங்கள்.

வலை, பந்து, ஜெர்சி செலவு என்னுடையது. இதில் மறுப்புச் சொல்லக்கூடாது. தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கித் தேதி முடிவானதும் தளத்தின் மின்னஞ்சலுக்கு எழுதுங்கள். நானும் வருகிறேன்.