2021 மாடல் டீசல் காருக்கு 5டபிள்யூ-30 ஆயில் என்று மேனுவலில் இருக்கிறது. நம்ம ஊர் வெயிலுக்கு 15டபிள்யூ-40 தான் சரி என்கிறார் மெக்கானிக். எதைப் போடுவது?

மேனுவலில் உள்ளதையே போடுங்கள். மெக்கானிக் சொல்வதிலும் காரணம் இருக்கிறது. பழைய டீசல் வண்டிகள் 15டபிள்யூ-40 ஊற்றியே லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடியிருக்கின்றன. உங்கள் எஞ்சின் அந்தத் தலைமுறை இல்லை.

வெயில் கணக்கை முதலில் பார்ப்போம். பின்னால் வரும் 30, 40 என்பது 100 டிகிரி செல்சியஸில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதற்கான எண். வெளியே 28 டிகிரியோ 40 டிகிரியோ, சூடேறிய எஞ்சினுக்குள் ஆயில் ஏறக்குறைய அந்த 100-ஐ ஒட்டித்தான் ஓடும். அதனால் சென்னை வெயிலுக்காக கெட்டி ஆயிலுக்கு மாற வேண்டியதில்லை. டபிள்யூவுக்கு முன்னால் இருப்பது குளிர்நிலைக்கான எண். காலையில் ஸ்டார்ட் செய்ததும், அந்த எண் சிறியதாக உள்ள 5டபிள்யூ-30 சட்டென்று டர்போ வரை போய்ச் சேரும்.

கிரேடைவிட முக்கியமான ஒன்றைப் பலரும் பார்ப்பதில்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் கார்களின் சைலன்சர் பாதையில் டி.பி.எஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரியை வண்டியே அவ்வப்போது எரித்துவிடும். ஆயிலில் கலந்திருக்கும் உலோகச் சேர்மானங்கள் எரிந்து வரும் சாம்பல் அப்படி எரியாது, அங்கேயே தங்கி அடைத்துக்கொள்ளும். மாற்றப் போனால் பெரிய செலவு. அதனால் சாம்பல் குறைந்த ஆயில்தான் வேண்டும். கேனைத் திருப்பிப் பாருங்கள்: ஏ.சி.இ.ஏ (ஐரோப்பிய கார் தயாரிப்பாளர் சங்கம்) தரக் குறியீடான சி2 அல்லது சி3 என்று, உங்கள் மேனுவல் கேட்கும் குறியீடு இருக்க வேண்டும். முன்பக்கம் 5டபிள்யூ-30 என்றே போட்டிருந்தாலும், பெட்ரோல் காருக்கான ஆயிலில் இது இருக்காமல் போகலாம்.

அப்புறம், ஊருக்குள் மட்டும் கொஞ்ச தூரம் ஓட்டுபவர் என்றால் மாதம் ஒருமுறை டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். கரி எரியும் வேலை பாதியில் நின்றுகொண்டே இருந்தால் டீசல் கசிந்து ஆயிலில் கலக்கும், அளவு மேல் கோட்டைத் தாண்டி ஏறும். அப்படி ஏறியிருந்தால் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் உடனே மாற்றிவிடுங்கள். ஆயில் சீக்கிரம் கறுப்பதற்குப் பயப்பட வேண்டாம், டீசலில் அது சகஜம்.

வெளியில் மாற்றினால் சீல் உங்கள் கண்முன்னே உடையட்டும். காலி கேனை ஓட்டை போட்டுவிட்டு வாருங்கள், போலி ஆயில் அடைக்க அதைத்தான் தேடுவார்கள். பில்லில் கிரேடோடு அந்த சி2, சி3 குறியீட்டையும் எழுதச் சொல்லுங்கள், வாரண்டி கேட்டுப் போகும்போது தேவைப்படும்.