இரண்டு வருஷம் கழித்துப் பள்ளிக்கு வந்த பிள்ளைகள்: சிறப்பாசிரியரிடம் கேள்வி பதில்

2022 ஜூன் 13 அன்று 1 முதல் 10 வரை எல்லா வகுப்பும் திறந்தன. கொரோனா வந்த பிறகு ஜூனில் பள்ளி திறப்பது இதுதான் முதல் தடவை. மதுரை மாவட்டத்தில் பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையம் ஒன்றில், மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியராக இருக்கிறேன். திறந்த நாளிலிருந்து பெற்றோரும் ஆசிரியர்களும் வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டு, மற்றவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பெயர்களைப் போடவில்லை, ஊர் மட்டும் இருக்கிறது.

செல்லூர், ஓர் அம்மா: டீச்சர், என் மகன் நாலாம் வகுப்பு. ஒண்ணாம் வகுப்பு படிக்கும்போது பள்ளியை மூடினார்கள். இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். கொ, கோ எல்லாம் குழப்பம். டியூஷன் எடுப்பவர் இது டிஸ்லெக்ஸியா என்கிறார். உண்மையா?

இன்றைக்கு அதை யாராலும் சொல்ல முடியாது அம்மா. டிஸ்லெக்ஸியா என்பது வாசிப்பில் வரும் கற்றல் குறைபாடு. கற்றல் குறைபாடு என்று முடிவு செய்ய முதல் நிபந்தனை ஒன்று இருக்கிறது: பிள்ளைக்கு முறையாகச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும், அப்படியும் வராமல் இருக்க வேண்டும். உங்கள் மகனுக்கு எழுத்துப் பழகுகிற வயதில் பள்ளிக்கூடமே இல்லை. உயிர்மெய் வரிசை மனதில் உட்காரும் முன்பே பூட்டிவிட்டார்கள். அதற்கப்புறம் வந்த போன் வகுப்பும், அப்பா வேலையிலிருந்து போனோடு திரும்பினால்தானே?

கொம்பும் காலும் எல்லாப் பிள்ளைக்குமே நேரம் எடுக்கும். 'கொ'வைப் பாருங்கள். கொம்பு முன்னால், கால் பின்னால், க நடுவில். கண் பார்க்கும் வரிசை ஒன்று, காது கேட்கும் வரிசை வேறு. கொடியைக் கோடி என்று படிப்பதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம்.

நீங்களே வீட்டில் சிலதைப் பார்க்கலாம். ஒரு கதையை வாசித்துக் காட்டிவிட்டுக் கேள்வி கேளுங்கள். காதால் கேட்டதை நன்றாகத் திருப்பிச் சொல்கிறானா? அடுத்து, புத்தகமே இல்லாமல் ஒலி விளையாட்டு. "படம், இதில் ப-வை எடுத்துட்டு க போடு" என்றால் "கடம்" என்று வருகிறதா? பாடம், படம், பட்டம் மூன்றும் அவன் காதுக்கு வேறு வேறாகக் கேட்கிறதா? கதை நன்றாகப் புரிந்து, இந்த ஒலி விளையாட்டு மட்டும் திரும்பத் திரும்பத் தடுமாறினால் அதைக் குறித்து வையுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது சின்ன வயதில் வாசிப்பு இப்படித் திணறியதா என்பதையும் எழுதுங்கள். கண்ணையும் காதையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். கரும்பலகை மங்கலாகத் தெரிகிற பிள்ளைக்கும் மந்தம் என்று பெயர் வந்துவிடுகிறது.

பிறகு மூன்று மாதம், தினமும் இருபது நிமிஷம், ஒண்ணாம் வகுப்புப் பாடத்திலிருந்து ஆரம்பியுங்கள். நாலாம் வகுப்புப் புத்தகத்தை ஓரமாக வையுங்கள். வெட்கப்படுவான், அதனால் தம்பி தங்கைக்குச் சொல்லிக்கொடுக்கிற சாக்கில் செய்யுங்கள். கூடப் படிக்கிற பிள்ளைகள் பிடித்துக்கொண்டு, இவன் மட்டும் அங்கேயே நின்றால் அப்போது உளவியலாளரிடம் மதிப்பீடு செய்யலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. 8 வயதுக்கு முன் இதற்குச் சான்றிதழ் தருவதில்லை. உங்கள் மகன் அந்த வயதைத் தாண்டியிருப்பான், ஆகவே இந்த மூன்று மாதம் பொறுப்பதால் எதுவும் கெட்டுவிடாது. மூன்று வருஷம் பொறுத்தால்தான் கெடும்.

உசிலம்பட்டி பக்கம், தொடக்கப் பள்ளி ஆசிரியர்: ஐந்தாம் வகுப்பில் 28 பேர். நாலைந்து பேர் சரளமாகப் படிக்கிறார்கள். பாதிப் பேருக்கு வாக்கியம் வரவில்லை. சிலருக்கு எழுத்தே வரவில்லை. பாடத்தை முடிக்கவா, இவர்களைப் பார்க்கவா?

சார், எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்புப் பாடத்தை முடித்தால் முடிந்தது உங்கள் பாடக்குறிப்பேடு மட்டும்தான்.

இந்த வருஷம் (2022-23) 1 முதல் 3 வகுப்புக்கு 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டம் வந்திருக்கிறது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிற முறை. உங்கள் வகுப்புக்கு இந்த வருஷம் அது இல்லை, ஆனால் அந்த யோசனையை எடுத்துக்கொள்ள யார் அனுமதியும் வேண்டாம். காலை முதல் ஒரு மணி நேரத்தை வாசிப்புக்கு ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் வகுப்பு எண்ணை மறந்துவிட்டு நிலைப்படி உட்கார வையுங்கள். எழுத்து வராதவர்களோடு நீங்கள் உட்காருங்கள். சரளமாகப் படிப்பவர்களை அவர்களுக்கு வாத்தியாராக்கிவிடுகிறார்கள் பலர். அது வேண்டாம், அவர்களும் படிக்க வந்த பிள்ளைகள்தான். நூலகப் புத்தகத்தைக் கொடுத்து நாலு வரி எழுதச் சொல்லுங்கள். நடுக் குழு ஜோடி ஜோடியாக வாசிக்கட்டும்.

மற்ற பாடங்களில் கருத்து எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும், பதில் சொல்லும் வழி மட்டும் மாறட்டும். ஒருவன் எழுதுவான், ஒருத்தி வாயால் சொல்வாள், இன்னொருவன் படம் வரைவான். நீர்ச் சுழற்சி தெரியுமா என்பதுதான் கேள்வி. மூன்று சுழி ண, இரண்டு சுழி ன சரியாகப் போட்டானா என்பதைத் தமிழ் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

பிரிக்கும்போது ஒன்று மட்டும் கவனம். இந்த வரிசை 'மக்கு வரிசை' என்ற பெயர் இரண்டே நாளில் வந்துவிடும். மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக் குழுவை மாற்றிக்கொண்டே இருங்கள்.

ஆனையூர், ஓர் அம்மா: மகனுக்கு ஏழு வயது, ஆட்டிசம். ஊரடங்கில் வீட்டிலேயே இருந்து பழகிவிட்டான். பள்ளி வாசலில் கத்தி அழுகிறான். டீச்சர்கள் ஒரு வாரம் பார்த்துவிட்டு, "வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள்.

அப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. மாற்றுத்திறன் உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை அருகிலிருக்கும் பள்ளியிலோ, சிறப்புப் பள்ளியிலோ விருப்பம்போல் இலவசமாகப் படிக்கச் சட்டம் இடம் தருகிறது. தேர்ந்தெடுப்பது நீங்களும் பிள்ளையும். ஆனால் சட்டத்தை நீட்டிக்கொண்டு போவதற்கு முன்னால் வேறொரு வழி முயலுங்கள்.

அவனைப் பொறுத்தவரை பள்ளி என்பது புது ஊர். போனில் பள்ளி கேட், வகுப்பறை, கழிப்பறை, அவன் உட்காரப்போகும் இடம், டீச்சர் முகம் எல்லாவற்றையும் படம் எடுத்து அச்சுப் போட்டு, நடக்கிற வரிசையில் வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள். கடைசிப் படம் 'அம்மா கூட்டிப்போக வருவது'. அது ரொம்ப முக்கியம், எப்போது முடியும் என்று தெரியாததுதான் பாதி அழுகை. சாயங்காலம் பள்ளி விட்ட பிறகு ஆள் இல்லாத வகுப்பில் பத்து நிமிஷம் உட்கார வைத்துக் கூட்டி வாருங்கள். பிறகு ஒரே ஒரு பீரியட், பிறகு மதியம் வரை. முதல் மாதம் காலை வழிபாட்டு மைக்கும் பெல் சத்தமும் வேண்டாம், அது முடிந்ததும் கொண்டு விடுங்கள். எச்.எம்.மிடம் இந்தத் திட்டத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். "சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கெஞ்சுவதைவிட, "முதல் வாரம் இது, இரண்டாம் வாரம் இது" என்றால் பெரும்பாலான ஆசிரியர்கள் சம்மதிப்பார்கள். அவர்களுக்கும் என்ன செய்வதென்று தெரியாமல்தான் கையை விரிக்கிறார்கள்.

மேலூர், உயர்நிலைப் பள்ளி ஆசிரியை: காது கேளாத மாணவி ஒருத்தி எட்டாம் வகுப்பில். திரும்பவும் மாஸ்க் போடச் சொல்கிறார்கள். என் வாயைப் பார்த்துத்தான் அவளுக்குப் பாதி புரியும். என்ன செய்யட்டும்?

வாய்ப் பகுதி மட்டும் தெளிவாகத் தெரியும்படி பிளாஸ்டிக் வைத்துத் தைத்த மாஸ்க் இருக்கிறது. கிடைக்காவிட்டால் நல்ல தையல்காரர் தைத்துவிடுவார். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்று பாடம் நடத்தாதீர்கள், வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ வேண்டும். போர்டில் எழுதிக்கொண்டே பேசுகிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. எழுதி முடித்துத் திரும்பிப் பேசுங்கள்.

இன்னொன்று, அவள் காது மெஷின் போட்டிருக்கிறாளா? இந்த இரண்டு வருஷத்தில் பல பிள்ளைகள் மெஷினை அலமாரியில் வைத்துவிட்டார்கள். காரணம் சின்னது. வளர்கிற பிள்ளைக்குக் காதும் வளரும், பழைய மோல்டு (காதுக்குள் பொருத்துகிற அச்சு) தளர்ந்துபோய் விசில் சத்தம் வரும், பிள்ளை கழற்றிவிடும். பெற்றோர் மெஷினே பழுது என்று நினைத்துக்கொள்கிறார்கள். மோல்டை மட்டும் புதிதாக அளவெடுத்து மாற்றினால் போதும்.

அலங்காநல்லூர், பத்தாம் வகுப்பு மாணவர்: எனக்குப் பார்வை இல்லை. ஊரடங்கில் ஆரம்பித்த பழக்கம், இப்போதும் ஆசிரியர்கள் நோட்ஸை போட்டோ எடுத்துத்தான் குரூப்பில் போடுகிறார்கள். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் போன் வசதியான டாக்பேக் அதைப் படிக்க மாட்டேன் என்கிறது.

தம்பி, இந்தப் பதிலை அப்படியே உங்கள் வகுப்பு குரூப்புக்கு அனுப்புங்கள். ஆசிரியர்களே, கையெழுத்துப் போட்டோ இவருக்கு வெறும் வெள்ளைத் தாள். டைப் செய்யுங்கள், முடியாவிட்டால் இரண்டு மூன்று நிமிஷ வாய்ஸ் மெசேஜ் போடுங்கள். வகுப்பில் "இதையும் இதையும் கூட்டினால்" என்று விரலைக் காட்டாமல், எதையும் எதையும் என்று வாயால் சொல்லுங்கள். வடிவியல் படத்துக்கு, அட்டையில் பசையால் கோடு போட்டு நூலை ஒட்டிக் காயவைத்தால் விரலால் தடவிப் பார்ப்பார்.

தேர்வுக்குச் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம் எல்லாம் உண்டு. மருத்துவச் சான்றோடு எச்.எம். வழியாக இப்போதே மனு கொடுத்துவிடுங்கள். ஜனவரியில் ஓட வேண்டாம்.

திருமங்கலம், ஓர் அப்பா: மகளுக்கு ஒன்பது வயது, பெருமூளை வாதம். 2020க்கு முன்னால் வள மையத்தில் வாரம் தவறாமல் பயிற்சி கொடுத்தோம். அப்போது பிடித்துக்கொண்டு நடந்தாள். இப்போது கால் மடங்கியே இருக்கிறது.

ஊரடங்கால் அதிகம் இழந்தது இவளைப் போன்ற பிள்ளைகள்தான் என்பேன். விட்ட பாடத்தை அடுத்த வருஷம் படிக்கலாம், தசை அப்படிக் காத்திருப்பதில்லை. எலும்பு வளர்கிறது, இறுகிய தசை அதே வேகத்தில் நீளாது, மூட்டு மடங்கிவிடும்.

நீங்களாக இழுத்து நீட்டப் பார்க்காதீர்கள். முதலில் எலும்பு மருத்துவரிடம் காட்டி இடுப்பு மூட்டு நழுவியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுப்பார்கள். பிறகு இயன்முறை மருத்துவர் சொல்லிக்கொடுத்தபடி வீட்டில் தினமும் செய்யுங்கள். மையத்துக்கு வாரம் ஒருமுறை வருவதைவிட வீட்டில் தினம் இருமுறை செய்வதுதான் பலன் தரும். காலைத் தாங்கப் போடுகிற பழைய காலிப்பர் இப்போது சின்னதாகியிருக்கும், அதைப் போட்டுவிடாதீர்கள், புண் ஆகும். வகுப்பில் அவள் பாதம் தரையில் படுகிற உயரத்தில் நாற்காலி இருக்கட்டும். வரவே முடியாத நிலை என்றால் வீட்டுக்கே வந்து கற்பிக்கும் ஏற்பாடு உண்டு, வள மையத்தில் பதிவு செய்யுங்கள்.

மகால் பக்கம், ஒரு பாட்டி: நாங்கள் வீட்டில் சௌராஷ்ட்ரம் பேசுகிறோம். பேத்தி ஒண்ணாம் வகுப்பில் வாயே திறப்பதில்லையாம். வீட்டிலும் தமிழே பேசுங்கள் என்று டீச்சர் சொல்கிறார். விட்டுவிடலாமா?

விடாதீர்கள் பாட்டி. முன்பெல்லாம் உங்கள் தெருப் பிள்ளைகள் தமிழைக் கற்றது பள்ளியிலா? தெருவில் விளையாடித்தானே. இவள் நாலைந்து வயதில் இருந்தபோது தெருவே அடைத்துக் கிடந்தது, எல்.கே.ஜி.யும் இல்லை. தமிழ் காதில் விழாமல் போனதுதான் காரணம். சௌராஷ்ட்ரத்தில் வயதுக்கேற்ப நன்றாகப் பேசுகிறாள் என்றால் அவள் பேச்சில் குறையே இல்லை. அதிலும் திக்கினால், அல்லது இரண்டு மூன்று சொல்லோடு நின்றால் மட்டும் காட்ட வேண்டும். இரண்டு மொழி பேசுவதால் எந்தப் பிள்ளைக்கும் பேச்சு தாமதமாகாது. டீச்சரிடம், சௌராஷ்ட்ரம் தெரிந்த இன்னொரு பிள்ளை பக்கத்தில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். சாயங்காலம் தெருவில் விளையாட விடுங்கள்.

வில்லாபுரம், ஓர் அப்பா: வேலை போய் ஃபீஸ் கட்ட முடியவில்லை. தனியார் பள்ளி டி.சி. தர மறுக்கிறது. மகள் ஆறாம் வகுப்பு.

டி.சி. இல்லாமலே அரசுப் பள்ளியில் சேர்க்கலாம். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு வரை அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்க முடியாது. நாளைக்கே கூட்டிப் போங்கள். யாராவது மறுத்தால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417க்கு அடியுங்கள்.

வாடிப்பட்டி, நடுநிலைப் பள்ளி ஆசிரியை: என் வகுப்பில் ஒரு பையனின் அப்பா 2021 மே மாதம் கொரோனாவில் இறந்துவிட்டார். பாடத்தைக் கவனிப்பதே இல்லை, கேட்டால் முறைக்கிறான். எனக்கும் அதே மாதத்தில் வீட்டில் ஓர் இழப்பு. உண்மையைச் சொன்னால், அவனைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

டீச்சர், உங்கள் கேள்வியில் இரண்டு பேர் இருக்கிறார்கள். பையனை முதலில் பார்ப்போம். எல்லோர் முன்னாலும் அப்பாவைப் பற்றிக் கேட்காதீர்கள், ஆறுதலும் சொல்லாதீர்கள். சின்னச் சின்ன வேலை கொடுங்கள், சாக்பீஸ் எடுத்து வருவது போல. தனியாக இருக்கும்போது "தூங்குறியாடா, சாப்பிடுறியா" என்று கேட்டால் போதும். வேலைக்குப் போகிறானா என்று விசாரியுங்கள். அப்பா இல்லாத வீட்டில் விடியற்காலைப் பூப்பறிப்புக்குப் போய்விட்டு வந்து வகுப்பில் தூங்கும் பிள்ளைகளை நான் பார்க்கிறேன். கொரோனாவில் பெற்றோரில் ஒருவரை இழந்த குடும்பத்துக்கு 3 லட்சம் என்று அரசு அறிவித்தது. அவன் அம்மா அதை வாங்கினாரா என்று கேளுங்கள், இறப்புச் சான்றிதழ்ச் சிக்கலில் விட்டுவிட்டவர்கள் உண்டு.

அடுத்து நீங்கள். தேர்தல் வேலை, கொரோனா வேலை, ஆன்லைன் வகுப்பு, இப்போது மாணவர் விவரங்களை எமிஸ் இணையதளத்தில் ஏற்றுவது, இத்தனைக்கும் நடுவில் அழ ஒரு நாள்கூடக் கிடைத்திருக்காது. பயிற்சிக்குக் கூப்பிட்டு இன்னொரு செயலியைக் கற்றுக்கொடுப்பவர்கள் ஆசிரியர் எப்படி இருக்கிறார் என்று கேட்பதில்லை, அதில் எனக்கும் கோபம் உண்டு. சில வாரங்களுக்கு அந்தப் பையனின் பொறுப்பை உங்கள் பள்ளியில் வேறோர் ஆசிரியரிடம் கொடுங்கள். எச்.எம்.மிடம் காரணத்தைச் சொல்லியே கேட்கலாம். தூக்கம் வராமல் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

தே.கல்லுப்பட்டி, இல்லம் தேடிக் கல்வி (பள்ளி விட்ட பிறகு நடக்கும் கற்றல் மையத் திட்டம்) தன்னார்வலர்: என் மையத்துக்கு வரும் 20 பேரில் ஒரு சிறுமிக்கு மனவளர்ச்சிக் குறைபாடு. எனக்குப் பயிற்சி இல்லை அக்கா. வர வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை.

வரட்டும். சாயங்காலம் ஒன்றரை மணி நேரத்தில் அவள் எழுத்தே கற்காவிட்டாலும் பாட்டு, கதை, விளையாட்டு எல்லாவற்றிலும் கூட இருக்கட்டும். உங்கள் மையத்தில் அவைதானே நிறைய இருக்கின்றன. அவளுக்கென்று ஒரே ஒரு இலக்கு வையுங்கள். தன் பெயர் அட்டையை அடையாளம் காண்பது, பத்து வரை பொருளைத் தொட்டு எண்ணுவது, இப்படி ஏதாவது ஒன்று. அதைச் சின்னச் சின்னப் படியாக உடைத்து, தினமும் ஒரே மாதிரி, ஐந்து நிமிஷம் செய்யுங்கள். வந்ததும் அடுத்ததுக்குப் போகலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை எடுத்திருக்கிறார்களா என்று அவள் அம்மாவிடம் கேளுங்கள். இல்லாவிட்டால் உங்கள் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருப்பார், அவரிடம் அனுப்புங்கள். மாதம் ஒருமுறை உங்கள் மையத்துக்கு வந்து பார்க்கும்படியும் அவரிடமே கேட்டுவிடுங்கள்.