எட்டு நாளில் ஆறு ஊர் போவதற்குப் பெயர் ஓய்வா?

கேள்வி: ஜனவரியில் எட்டு நாள் மெக்சிகோ போகிறோம். கான்குன், சிச்சென் இட்சா, துலும், மெக்சிகோ சிட்டி, வஹாக்கா, கடைசியில் புவெர்த்தோ எஸ்கோந்திதோ என்று திட்டம். கடற்கரையில் நிம்மதியாக இருக்க வேண்டும். உள்ளூர்ச் சாப்பாடு, கலாசாரம் இரண்டையும் அனுபவிக்க வேண்டும். காரம் நமக்குப் பழக்கம்தான் என்பதால் சாப்பாட்டில் சிக்கல் வராது அல்லவா? மனைவி சைவம், முட்டையும் பாலும் சாப்பிடுவார். – வாசகர், ஹூஸ்டன்.

பதில்: நீங்கள் அனுப்பியிருப்பது பேருந்து நிலைய அட்டவணை. கான்குனிலிருந்து சிச்சென் இட்சா போய்வரவே சாலையில் ஐந்து மணி நேரம் ஆகும். மெக்சிகோ சிட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து நேராகப் போய் இறங்குபவர்களில் பலருக்கு முதல் நாள் தலைவலியோடு கழியும். ஆறு ஊரில் ஐந்தை அடித்துவிட்டு, கடைசியாக எழுதியிருக்கிறீர்களே புவெர்த்தோ எஸ்கோந்திதோ, அதை முதலில் எழுதுங்கள். மெக்சிகோ சிட்டியிலிருந்து ஒரு மணி நேரச் சொச்சத்தில் விமானம் இறக்கிவிடும். வஹாக்கா நகரத்தை விட மனமில்லை என்றால் இரண்டு இரவு அங்கே தங்கிவிட்டுச் சாலை வழியாக இறங்கலாம். 2024 பிப்ரவரியில் புதிய நெடுஞ்சாலை திறந்த பிறகு, முன்பு ஆறு ஏழு மணி நேரம் வயிற்றைப் புரட்டிய மலைப்பாதைப் பயணம் மூன்று மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. ஓட்டுநர் எந்தச் சாலையில் போகிறார் என்று ஏறும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கான்குனை ஏன் வெட்டினேன்? அது 1970களில் அரசாங்கம் திட்டம் போட்டுக் கட்டிய ஓட்டல் வரிசை. கையில் பட்டை கட்டிவிட்டால் மூன்று வேளையும் உள்ளேயே சாப்பாடு; அதற்கு முன்பணம் கட்டிவிட்டபின் வெளியே போய் யார் காசு கொடுத்துச் சாப்பிடுவார்கள்? படுத்துக் கிடக்க மட்டும் என்றால் தாராளமாகப் போங்கள். உள்ளூர்ச் சாப்பாடு என்று எழுதியதால்தான் சொல்கிறேன்.

புவெர்த்தோ எஸ்கோந்திதோ கடற்கரையில் ஓய்வும் சாப்பாடும் ஒரே விஷயத்தைப் பொறுத்தவை: ஊரின் நேரத்துக்கு உங்கள் நாளை மாற்றிக்கொள்வது. காலை ஏழிலிருந்து பத்துக்குள் மீன்பிடிப் படகுகள் ப்ளாயா பிரின்சிபால் கடற்கரை மணலில் ஏறும். அந்த மீன் மதியம் தட்டில் வரும். மெக்சிகோவில் பெரிய சாப்பாடு இரண்டிலிருந்து ஐந்துக்குள்தான். கோமிதா கொரீதா என்று பலகை வைத்த சிறு கடைகளில் ஒரு சூப், சோறோ பாஸ்தாவோ, ஒரு முக்கிய உணவு, ஒரு குடுவைப் பழச்சாறு எல்லாம் சேர்த்து ஒரே விலை. நீங்கள் பன்னிரண்டுக்குப் போனால் அடுப்பு தயாராக இருக்காது. இரவு எட்டுக்குப் போய்க் கேட்டால் கடையே இருக்காது. நேரம் தெரியாதவர்கள்தான் பசியோடு அலைந்து, கடைசியில் படம் போட்ட ஆங்கில மெனு உள்ள இடத்தில் இரட்டை விலைக்குப் பர்கர் தின்கிறார்கள்.

முழு மீன் கேட்டால் எடைக்குத்தான் விலை. மீனைக் காட்டச் சொல்லி, எடை போடச் சொல்லி, கிலோ விலையைக் கேட்ட பிறகே நெருப்பில் வைக்கச் சொல்லுங்கள். ஒரு கிலோ சங்கரா மாதிரி மீன் இரண்டு மூன்று பேருக்குப் போதும். 'அ லா தாயா' என்றால் மீனைப் புத்தகம் போல விரித்து, காய்ந்த மிளகாய் விழுது தடவிக் கரியில் சுடுவது.

செவிச்சே, அதாவது எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்த பச்சை மீன், அதன் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. எலுமிச்சைச் சாறு மீனின் நிறத்தை வெளுக்க வைக்கும், சதையை இறுக வைக்கும். கிருமியையும் ஒட்டுண்ணியையும் நம்பிக்கையாகக் கொல்லாது. ஆகவே பச்சை மீன் சாப்பிடத் துணிந்தால் மதியம், கூட்டம் அலைமோதும் கடையில், கண் முன்னால் கலக்கித் தருவதை மட்டும். மாலையில் பனிக்கட்டி உருகிய பெட்டியிலிருந்து எடுத்துத் தருவதைத் தொடாதீர்கள்.

காரம் பழக்கம் என்றீர்கள். இந்தக் கடற்கரையின் சொந்த மிளகாயான கோஸ்தேனியோ உங்களை அழவைக்காது என்று வைத்துக்கொள்வோம். வயிற்றைக் கெடுப்பது மிளகாய் இல்லையே, தண்ணீர்தான். குழாய்த் தண்ணீரில் பல் தேய்க்கக்கூட வேண்டாம். ஓட்டல்காரர்களே குடிப்பது 20 லிட்டர் கேனில் வருவதைத்தான். நடுவில் துளையுள்ள உருளை ஐஸ் தொழிற்சாலையில் சுத்திகரித்த தண்ணீரில் செய்தது, அதைப் போடலாம். உடைத்த கட்டி ஐஸ் வேண்டாம். மேசையில் காலையிலிருந்து திறந்து கிடக்கும் சல்சா என்ற மிளகாய்ச் சட்னிக்குப் பதில் புதிதாக ஒரு கிண்ணம் கேளுங்கள். பச்சை சல்சா என்றால் காரம் குறைவு என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் சிவப்பைவிட அதுதான் கடிக்கும்.

சைவத்துக்கு இந்த ஊரில் வழி உண்டு, ஆனால் ஏமாற்றங்களும் உண்டு. 'கார்னே (இறைச்சி) வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் கோழி வரும், ஹாம் வரும். அவர்கள் கணக்கில் கார்னே என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சிதான். 'நோ கோமோ கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ, நி மந்தேகா' என்று முழுதாகச் சொல்லச் சொல்லுங்கள். இறைச்சி, கோழி, மீன் எதுவும் சாப்பிட மாட்டேன் என்று பொருள்; கடைசிச் சொல் பன்றிக் கொழுப்பு. கறுப்பு பீன்ஸ் பெரும்பாலும் அதில்தான் தாளிக்கப்படும். சோறு கோழி வேகவைத்த தண்ணீரில் வெந்திருக்கலாம். வாழையிலையில் கட்டி அவித்த தாமாலின் மாவிலும் கொழுப்பு உண்டு. ஆரஞ்சுத் துண்டோடு வரும் சிவப்பு உப்பில் புழுவைப் பொடித்துக் கலந்திருப்பார்கள். குவாக்கமோலே என்ற அவகாடோ மசியலின் மேல் மொறுமொறுவென்று தூவியிருப்பது வெட்டுக்கிளி. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்து வேகவைத்து அரைத்துத் தட்டிய தொர்த்தீயா முற்றிலும் சைவம். பூசணிப்பூவும் சீஸும் வைத்து மடித்த தொர்த்தீயாவான கேசதீயா, கள்ளித் துண்டு வதக்கல், முட்டை எல்லாம் சாப்பிடலாம்.

இரவில் தேடிப் போக வேண்டியது த்லாயுதா. ஓர் அடிக்கும் மேல் அகலமான, காய்ந்து மொறுமொறுத்த தொர்த்தீயா. கரி அடுப்பின் மேல் வைத்து, அசியேந்தோ என்ற பன்றிக் கொழுப்பின் அடிக்கசடைப் பூசி, பீன்ஸ் விழுது தடவி, நார்நாராகப் பிரியும் வஹாக்கா சீஸைப் பிய்த்துப் போட்டு, அரைவட்டமாக மடித்து அனலில் வைப்பார்கள். ஓரம் கருகத் தொடங்கும்போது எடுத்தால்தான் அந்தப் புகை மணம் வரும். உங்கள் மனைவிக்கு 'சின் அசியேந்தோ, சின் கார்னே' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், பூசிய பிறகு சுரண்ட முடியாது. பீன்ஸையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றை இருவர் பகிரலாம்.

கடலில் இறங்கும் இடத்தை அழகைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். சிகதேலா கடற்கரையின் அலை உலகப் புகழ் பெற்றது, சர்ஃபிங் வீரர்களுக்கு. குளிப்பதற்கு அது எந்த மாதத்திலும் ஆபத்தான இடம். பெரிய அலை மே முதல் ஆகஸ்டு வரை என்றாலும், ஜனவரியில் நீரோட்டம் போய்விடாது. குடும்பத்தோடு இறங்க கரிசலீயோ, மன்சனீயோ, புவெர்த்தோ ஆங்கலீதோ குடாக்கள் உண்டு. முதலாவதில் நூற்றைம்பதுக்கும் மேல் படிகள். இறங்கும்போது தெரியாது, ஏறும்போது முழங்கால் எண்ணும். நீரோட்டம் இழுத்தால் கரையை நோக்கிப் போராடாமல் கரைக்கு இணையாக நீந்தி வெளியேற வேண்டும், சிவப்புக் கொடி பறந்தால் இறங்கவே வேண்டாம்.

கலாசாரம் என்றதும் நடன நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்காதீர்கள். ஜனவரியில் உங்களுக்குக் கிடைப்பது அதைவிடச் சிறப்பு. பினோதேபா தே தோன் லூயிஸ் ஊரின் மிஷ்தெக் பழங்குடிச் சாயக்காரர்கள் அக்டோபர் முதல் மார்ச் வரை உவாத்துல்கோ பக்கப் பாறைகளில் கடல் நத்தைகளைத் தேடி வருவார்கள். நத்தையைப் பெயர்த்தெடுத்து ஊதியோ அழுத்தியோ அதன் திரவத்தை நூல் சிட்டத்தில் இறக்கி, உயிரோடு பாறையிலேயே திரும்ப வைத்துவிடுவார்கள். நூல் முதலில் மஞ்சள், பிறகு பச்சை, வெயில் பட்டதும் ஊதா. இந்த நூலின் விலை அதிகம்; கடைத்தெருவில் மலிவாகக் கிடைக்கும் ஊதா துணி ரசாயனச் சாயம்.

பக்கத்திலுள்ள மசுந்தேயில் ஆமை மையம் இருக்கிறது. 1990இல் ஆமை வேட்டைக்குத் தடை வரும் முன் அந்த ஊர் வாழ்ந்ததே ஆமை வெட்டி. அங்கே முட்டையிடுவது நம் சென்னைக் கடற்கரைக்கு வரும் அதே பங்குனி ஆமைதான். மாலையில் குஞ்சுகளை விடும் இடத்துக்குப் போனால் கையில் சன்ஸ்கிரீனும் கொசு மருந்தும் இருக்கக் கூடாது, பிளாஷும் அடிக்கக் கூடாது. மனியால்தெபெக் காயலில் இரவு ஒளிரும் நீரைப் பார்க்க நிலவில்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். முழுநிலவன்று டிக்கெட் விற்கிறவர் உங்கள் காசைத்தான் ஒளிரவைப்பார்.

பணம்: பெசோவுக்கும் டாலருக்கும் ஒரே குறி, '$' என்றால் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏ.டி.எம். இயந்திரம் 'டாலரிலேயே கணக்கிடட்டுமா' என்று கேட்டால் மறுத்துவிடுங்கள், அந்த மாற்று விகிதத்தில் நஷ்டம் உங்களுக்கு. பில் கேட்காமல் வராது. 'லா குவெந்தா, போர் ஃபவோர்' என்றால் தருவார்கள். பத்து முதல் பதினைந்து சதவீதம் வைத்தால் போதும்.

கடைசியாக, இந்தியப் பாஸ்போர்ட் என்றால் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருக்கும்வரை மெக்சிகோ விசா தேவையில்லை, கிரீன் கார்டு இருந்தாலும் சரி. ஆனால் விசா முத்திரை காலாவதியாகி, ஐ-94 என்ற அமெரிக்க நுழைவுப் பதிவை மட்டும் நம்பியிருப்பவராக இருந்தால் இந்தச் சலுகை உங்களுக்கு இல்லை. டிக்கெட் போடும் முன் மெக்சிகோ தூதரகத்தில் விசா வாங்குங்கள்.