தளம் போட்டதோடு நின்றுபோன வீடு

கேள்வி: திருவாரூர் அருகே எங்கள் சொந்த மனையில் 1,000 சதுர அடி வீடு கட்ட, பொருளும் கூலியும் சேர்த்துச் சதுர அடிக்கு 2,300 ரூபாய் என்று ஒருவரிடம் ஒப்பந்தம் எழுதினோம். எட்டு மாதத்தில் முடிப்பதாகக் கையெழுத்திட்டார். 17 லட்சம் வாங்கிக்கொண்டு, தளம் போட்டதோடு ஆட்களை நிறுத்திவிட்டார். அதில் 3 லட்சம் ரொக்கமாகக் கொடுத்தது; ரசீது இல்லை. தொலைபேசியில் அழைத்தாலும் எடுப்பதில்லை. மழைக்கு முன் வேறு கொத்தனாரை வைத்து முடிக்கலாமா? போலீஸுக்குப் போகலாம் என்கிறார் என் கணவர்.
– ஒரு வாசகி

பதில்: வேறு கொத்தனாரைத் தாராளமாக வையுங்கள், சகோதரி. ஆனால், அளவெடுத்து எழுதி வைக்காமல் ஒரு சட்டி கலவைகூடச் சுவரில் ஏற வேண்டாம். பூச்சு வேலை முடிந்துவிட்டால் பழையவர் எதுவரை கட்டினார் என்பதை யாராலும் காட்ட முடியாது. “வாங்கிய 17 லட்சத்துக்கும் வேலை செய்துவிட்டேன்” என்பார் அவர். நியாயம் முழுவதும் தம் பக்கம் இருந்தும், இந்த ஒரு அவசரத்தால் வழக்கில் தோற்றவர்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

முதலில் நோட்டீஸ் அனுப்புங்கள். ஒப்பந்தத் தேதி, கொடுத்த தொகை, நின்றுபோன வேலை எல்லாவற்றையும் எழுதி, 15 நாளில் வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். தொடங்காவிட்டால் இன்ன நாளில் பொறியாளர் அளவெடுப்பார், நேரில் வரலாம் என்றும் அதிலேயே குறிப்பிடுங்கள். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, அவர் கைக்குச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். பொறியாளர் உங்கள் உறவினராகவோ, அடுத்து வேலை எடுக்கப்போகிறவரின் ஆளாகவோ இருக்கக் கூடாது. அஸ்திவாரம், தூண், சுவர், தளம் ஒவ்வொன்றின் அளவும் மதிப்பும், கான்கிரீட்டில் கம்பி தெரியும் இடங்களும், மீதி வேலைக்கு ஆகும் செலவும் அவர் கையெழுத்தோடு அறிக்கையாக வேண்டும். பழையவர் விட்டுச்சென்ற சென்ட்ரிங் தகடுகள், முட்டுகள் ஏதேனும் கிடந்தால் பட்டியல் எடுங்கள். கோபத்தில் விற்றுவிட்டால் உங்கள் மீதே புகார் வரும்.

‘17 லட்சத்தையும் திருப்பிக் கொடு’ என்று கேட்கத்தான் தோன்றும். வீடு தளம்வரை நிற்கும்போது முழுத் தொகை கிடைப்பது கடினம். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு பார்ப்பது, ஒப்பந்தம் மீறப்பட்டதால் உங்களுக்கு நேர்ந்த நட்டத்தை. மீதி வேலைக்கு 12 லட்சம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். 17ம் 12ம் சேர்ந்து 29 லட்சம். பேசியதோ 23 லட்சம். கூடுதலான அந்த 6 லட்சம்தான் உங்கள் கணக்கின் முதுகெலும்பு. தாமதத்தால் கட்டிய வீட்டு வாடகையையும் மன உளைச்சலுக்கான இழப்பீட்டையும் அதோடு சேர்த்துக் கேளுங்கள்.

எங்கே கேட்பது? மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில். வீடு கட்டித் தருவது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு சேவை. கொடுத்த தொகை 50 லட்சம்வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். நீங்கள் கொடுத்த தொகைக்குக் கட்டணம் 400 ரூபாய். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், வழக்கறிஞர் இல்லாமலும் வாதாடலாம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும். ‘ரெரா’ எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது; அது மனையும் அடுக்குமாடி வீடும் விற்பவர்களுக்கானது.

ரொக்கம் கொடுத்ததற்கு வேறு தடயம் தேடுங்கள். அன்றைக்கு வங்கியில் பணம் எடுத்த பதிவு, “மூணு லட்சம் வந்தது” என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, உடன் இருந்தவரின் சாட்சி எல்லாம் உதவும். அந்தச் செய்திகள் உள்ள போனை மாற்றாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள்.

உங்கள் கணவரின் ஆத்திரம் எனக்குப் புரிகிறது. ஆனால் வேலையைப் பாதியில் விட்டதை மட்டும் வைத்து மோசடி வழக்கு நிற்காது. தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். போலிப் பில் காட்டிப் பணம் வாங்கியிருந்தால் அது வேறு. அப்போது அவசியம் புகார் கொடுங்கள்.

நோட்டீஸைக் கண்டு அவரே திரும்பி வரவும் கூடும். வந்தால், எந்த வேலை எந்தத் தேதிக்குள் முடியும் என்று புதிதாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முடிந்த வேலைக்கு மட்டும், வங்கி வழியாக மட்டும் பணம் கொடுங்கள். “கம்பி வாங்க முன்பணம்” என்று கேட்டால், கடைக்காரருக்கு நீங்களே நேராகச் செலுத்திப் பில்லை உங்கள் பெயரில் வாங்குங்கள்.