கேள்வி – பதில்: பிள்ளையைக் கோடை முகாமில் தங்க அனுப்பலாமா?

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். அவளுடைய தோழிகள் சிலர் மே மாதம் கொடைக்கானலில் ஐந்து நாள் தங்கும் கோடை முகாமுக்குச் செல்கிறார்கள். அதற்குக் கட்டணம் 14,000 ரூபாய்; எங்களால் இயலாது. அதே மலையில் இன்னோர் அமைப்பு 4,500 ரூபாய்க்கு முகாம் நடத்துவதாக நோட்டீஸ் வந்திருக்கிறது. “இவ்வளவு மலிவாகத் தருகிறார்கள் என்றால் ஏதோ குறை இருக்கும்” என்கிறார் என் கணவர். மகளோ தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பெயர் கொடுக்கலாமா?
– வாசகி ஒருவர், திண்டுக்கல்

பதில்: உங்கள் கணவரின் தயக்கம் நியாயமானது. ஆனால் கட்டணத்தை மட்டும் வைத்து ஒரு முகாமை எடைபோட முடியாது. விடுமுறையில் காலியாக இருக்கும் பள்ளி விடுதியில் பிள்ளைகளைத் தங்கவைத்து, அங்கேயே சமைத்துப் போட்டு, ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் ஊதியம் பெறாமல் உதவி செய்ய நடத்தப்படும் முகாமுக்குச் செலவு இயல்பாகவே குறையும். ரிசார்ட் வாடகை, சாகச விளையாட்டுகள், பெயர் அச்சிட்ட பை, டி-ஷர்ட் எல்லாம் சேரும்போதுதான் தொகை ஏறுகிறது. எனவே “இந்தக் கட்டணத்தில் உங்களுக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது?” என்று அந்த அமைப்பினரிடம் நேராகவே கேளுங்கள். ஒழுங்காக நடத்துகிறவர்கள் கணக்கைச் சொல்லிவிடுவார்கள். பொறுப்பாளர்களின் எண்ணிக்கையைக் குறைத்து மிச்சம் பிடிக்கிற இடமாக இருந்துவிடக் கூடாது என்பது ஒன்றே என் கவலை. அமெரிக்க முகாம் சங்கம் வகுத்துள்ள அளவுகோலின்படி, தங்கும் முகாமில் 9 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளில் எட்டுப் பேருக்கு ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். நம் ஊரிலும் பத்துப் பேருக்கு ஒருவராவது இல்லாத முகாமுக்குப் பிள்ளையை அனுப்ப வேண்டாம் என்றே சொல்வேன்.

நோட்டீஸில் காலை யோகா முதல் மாலை ‘கேம்ப் ஃபயர்’ வரை எல்லாம் அச்சிட்டிருப்பார்கள். விளக்கை அணைத்த பிறகு என்ன என்பது அதில் இருக்காது. நீங்கள் கேட்க வேண்டியது அந்த இரவைப் பற்றித்தான். பெண் பிள்ளைகள் தூங்கும் கூடத்திலேயே எத்தனை பெண் பொறுப்பாளர்கள் படுக்கிறார்கள், சமையல்காரர்களும் ஓட்டுநர்களும் எங்கே தங்குகிறார்கள், நள்ளிரவில் வயிற்றுவலி என்று ஒரு குழந்தை எழுந்தால் யாரை எழுப்பும், மருத்துவமனைக்குப் போக வளாகத்திலேயே வண்டி நிற்குமா என்பவற்றையெல்லாம் கேளுங்கள். கழிப்பறை அதே கட்டடத்துக்குள் இருக்கிறதா, முற்றத்தைக் கடந்து போக வேண்டுமா என்பதையும் மறவாமல் கேட்டுக்கொள்ளுங்கள். இது அற்பமான கேள்வி அன்று. இருட்டில் தனியே போகப் பயந்து, சாயங்காலத்துக்குப் பிறகு தண்ணீரே குடிக்காமல் சமாளித்து, ஊர் திரும்பும்போது நீர்க்கடுப்போடு வந்து நிற்கும் பிள்ளைகள் உண்டு. கேட்டால்கூடக் காரணத்தைச் சொல்ல வெட்கப்படுவார்கள். திண்டுக்கல்லிலிருந்து கொடைக்கானல் அதிகத் தொலைவில்லை என்பதால், பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் நேரில் போய்ப் படுக்கும் இடத்தையும் கழிப்பறையையும் பார்த்துவிட்டு வருவதே மேல். பார்க்க அனுமதிக்காத இடத்துக்கு அனுப்ப வேண்டாம்.

முகாமில் வேலை செய்யும் அனைவருக்கும் காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று பெறப்பட்டிருக்கிறதா என்று கேட்கத் தயங்க வேண்டாம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அத்தகைய குற்றம் நடந்ததாக அறிபவர் அதைத் தெரிவித்தே ஆக வேண்டும். இதை அறிந்து நடக்கும் அமைப்பு உங்கள் கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்ளாது. மகளிடமும் அவளுக்குப் புரியும் விதத்தில் பேசி, யாராவது உடலைத் தொட்டாலோ ‘அம்மாவிடம் சொல்லாதே’ என்றாலோ உடனே பெண் பொறுப்பாளரிடமும் உங்களிடமும் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐ அவள் மனப்பாடமாகவே வைத்திருக்கட்டும்.

மலையேற்றம் உண்டு என்று நோட்டீஸில் இருந்தால், எந்தப் பாதை, வனத்துறை அனுமதி யார் பெயரில் என்று கேளுங்கள். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. அதன் பிறகே மலையேற்றத்துக்கென்று தமிழக அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. கோடையில் காடு காய்ந்து கிடக்கும் என்பதால் இந்தக் கேள்விக்கு மழுப்பலான பதிலை ஏற்காதீர்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, 4,500 ரூபாயில் பேருந்து, நுழைவுக் கட்டணங்கள், படுக்கை விரிப்பு எல்லாம் அடங்குமா, கடைசி நேரத்தில் போக முடியாவிட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொண்டு, ரசீதும் பெறுங்கள். கொடைக்கானல் 2,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருப்பதால் மே மாதத்திலும் இரவு குளிரும். வீட்டில் ஸ்வெட்டர் இல்லையென்றால் அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள். விண்ணப்பத்தின் கடைசியில் ‘எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற வரி இருக்கக்கூடும். அதில் நீங்கள் கையெழுத்திட்டுவிட்டதாலேயே அவர்களுடைய கவனக்குறைவுக்குச் சட்டப்படி அவர்கள் பொறுப்பாளிகள் அல்லர் என்று ஆகிவிடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 14,000 ரூபாய் முகாமை நடத்துபவர்களிடமும் சலுகை உண்டா என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். சாரணர் இயக்கத்துக்கு வித்திட்டதே பேடன் பவல் 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரௌன்சி தீவில் நடத்திய தங்கும் முகாம்தான். அதில் வசதியான பள்ளிகளில் படித்த சிறுவர்களுக்கு ஒரு பவுண்டும், மற்றவர்களுக்கு மூன்றரை ஷில்லிங்கும் கட்டணமாக இருந்தது. அன்றைய கணக்கில் ஒரு பவுண்டுக்கு இருபது ஷில்லிங். இரு சாராரும் ஒரே கூடாரங்களில் கலந்துதான் தங்கினார்கள். ஆகவே குறைந்த கட்டணம் கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. மகள் ஆறாம் வகுப்பில் சேரும் பள்ளியில் சாரணியர் படை இருந்தால் அதில் சேர்த்துவிடுங்கள். தெரிந்த ஆசிரியையின் பொறுப்பில், சிறு செலவில், முகாம்களில் தங்கும் வாய்ப்பு அதன் வழியே கிடைக்கும்.

விசாரித்ததில் மனம் நிறைந்தால் தாராளமாகப் பெயர் கொடுங்கள். அதற்கு முன் சித்தி வீட்டிலோ அத்தை வீட்டிலோ நீங்கள் இல்லாமல் இரண்டு இரவு தங்கிப் பழகட்டும். சரிவரவில்லையென்றால் இந்த ஆண்டு ஜவகர் சிறுவர் மன்றத்தின் கலைப் பயிற்சியோ, மாவட்ட விளையாட்டரங்கில் நடக்கும் கோடைகாலப் பயிற்சி முகாமோ போதும். பகலில் போய் மாலையில் வீடு திரும்பலாம், செலவும் சிறிது.

கேள்வி: என் பதினொரு வயது மகனுக்கு அவ்வப்போது வீசிங் வரும். அதை விண்ணப்பத்தில் எழுதினால் சேர்த்துக்கொள்ள மாட்டார்களோ என்று மறைத்துவிட நினைக்கிறேன்.
– வாசகர் ஒருவர், விருதுநகர்

பதில்: தயவுசெய்து மறைக்காதீர்கள். குளிர்ந்த காற்று, தூசி படிந்த கம்பளி, கேம்ப் ஃபயர் புகை ஆகிய மூன்றுமே மூச்சிரைப்பைத் தூண்டக்கூடியவை. மலை முகாமில் மூன்றும் ஒரே மாலையில் சேர்ந்து வரலாம். முதலில் அவனைப் பார்க்கும் மருத்துவரிடம் அனுப்பலாமா என்று கேளுங்கள். அவர் சம்மதித்தால், எந்த மருந்து, எத்தனை முறை, எந்த நிலையில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்று எழுதி வாங்கி, ஒரு பிரதியை முகாம் பொறுப்பாளரிடம் கையோடு கொடுங்கள். இன்ஹேலர் அலுவலக அறையின் பூட்டிய அலமாரியில் இருந்து பயனில்லை. ஒன்று மகனின் பையிலும், இன்னொன்று இரவில் அவன் படுக்கும் கூடத்தில் தங்குகிற பொறுப்பாளரிடமும் இருக்கட்டும். நோயைச் சொன்னதற்காகச் சேர்க்க மறுக்கிறார்கள் என்றால், அதைக் கவனிக்கும் வசதி அவர்களிடம் இல்லை என்று பொருள்; அங்கே அவன் போகாமல் இருப்பதே நல்லது.