மேலே கூட்டிவரலாம், ராத்திரிக்கு ஆள் யார்?

அன்புள்ள அக்காவுக்கு,

கொடைக்கானல் மலையில், பூம்பாறைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஒன்றரை ஏக்கரில் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிறோம். எனக்கு 44 வயது. அம்மாவுக்கு 76. ஐப்பசி பிறந்த வாரம், மழை விட்ட நேரம் பார்த்து கோழிக்கூட்டைச் சாத்தப் போனவர் பாசி பிடித்த கல்படியில் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிவு. மதுரையில் ஆபரேஷன் முடிந்து ஒன்பது நாள் ஆகிறது. நாளை மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். திருப்பூரில் இருக்கும் அண்ணன், "குளிரில் மேலே கொண்டுபோய்க் கொன்றுவிடாதே, தை பிறக்கும்வரை மதுரையில் தங்கச்சி வீட்டிலேயே இருக்கட்டும்" என்கிறார். கோழிகளையும் விற்றுவிடச் சொல்கிறார். தங்கச்சி வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அம்மா "என்னை மேலே கொண்டுபோ" என்பதைத் தவிர வேறு பேசுவதில்லை. அதுவும் பகலில்தான். இருட்டினால் என்னையே யாரென்று கேட்கிறார், ட்யூபைப் பிடுங்குகிறார், "பூண்டு நனையுது, எடுத்து உள்ளே போடு" என்று கத்துகிறார். புத்தி கலங்கிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாலாம் நாள் ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, இது சீக்கிரம் முடிந்தால் தேவலை என்று நினைத்துவிட்டேன். அதிலிருந்து தூக்கமே இல்லை. என்ன செய்யட்டும்?

*

தம்பி, நீங்கள் கடைசியாக எழுதியதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். என் அப்பாவை 19 நாள் ஒரு ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தோம். பதினோராம் நாளோ என்னவோ, டீக்கடைகூடத் திறக்காத விடியற்காலை மூன்று மணிக்கு எனக்கும் இதே நினைப்பு வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அப்பா பிழைத்து வந்து, அதற்கப்புறம் நாலு வருஷம் என் சமையலைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தார். நாலு ராத்திரி கண் மூடாதவனுக்கு வருகிற நினைப்பை நான் கணக்கில் எடுப்பதில்லை. முதலில் தூங்குங்கள். ஒரு ராத்திரி தங்கச்சியோ அவர் வீட்டுக்காரரோ படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். நீங்கள் அவர்கள் வீட்டில் போய்ப் படுங்கள். தூங்கி எழுந்த பிறகும் அந்த நினைப்பு போகாமல் நெஞ்சை அழுத்தினால் 14416-க்குப் போன் பண்ணுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி சேவை அது. எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

அடுத்தது அம்மாவின் ராத்திரிப் பேச்சு. பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு வயதானவர்களுக்கு இப்படி வருவது ரொம்ப சகஜம். டாக்டர்கள் டெலிரியம் என்பார்கள். பகலில் தெளிவு, சாயங்காலம் விளக்கு போட்டதும் குழப்பம், ஆள் மாறிப் பேசுவது, ட்யூபைப் பிடுங்குவது எல்லாம் அதில் அடக்கம். மறதி நோய் மாதங்களில் வருஷங்களில் மெதுவாக ஏறும். இது திடீரென்று வரும், பெரும்பாலும் சில நாளிலோ சில வாரத்திலோ இறங்கிவிடும். அதற்காக, தானாகப் போய்விடும் என்று சும்மாவும் இருக்கக் கூடாது. பின்னால் ஏதாவது காரணம் ஒளிந்திருக்கலாம். சிறுநீரில் கிருமி, மலச்சிக்கல், நீர் வற்றிப்போவது, ரத்தத்தில் உப்பு குறைவது, வலி, தூக்க மாத்திரை என்று பட்டியல் நீளம். ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் பார்ப்பது பகல் நேரத்து அம்மாவை. ராத்திரி என்ன நடக்கிறது என்று நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். ஒரு தாளில் நேரத்தோடு எழுதிக் காட்டுங்கள். டிஸ்சார்ஜுக்கு முன்னால் இதைச் செய்தாக வேண்டும்.

அம்மா கண்ணாடி போடுகிறவரா? காது மெஷின் உண்டா? அவை இப்போது எங்கே இருக்கின்றன? என் அப்பாவின் கண்ணாடி ஆறு நாள் துணிப்பையின் அடியில் வேட்டிக்குள் சுருட்டிக் கிடந்தது. பத்திரமாக வைத்தது நான்தான். பாவம், அவருக்கு எதிரே நிற்பது மகளா நர்ஸா என்று எப்படித் தெரியும்? கண்ணாடியைக் கையில் கொடுங்கள், பகலில் ஜன்னல் பக்கம் திருப்பி உட்காரவையுங்கள், இன்றைக்கு என்ன கிழமை, எந்த ஊரில் இருக்கிறோம் என்று அவ்வப்போது சொல்லுங்கள். "பூண்டு நனையுது" என்றால் "அதெல்லாம் இல்லை, நீ ஆஸ்பத்திரியில் இருக்கே" என்று வழக்காடாதீர்கள். "உள்ளே எடுத்துப் போட்டாச்சும்மா" என்றால் போதும். பொய்தான், பரவாயில்லை.

சரி, மேலேயா கீழேயா?

அண்ணன் குளிரைப் பற்றிச் சொல்வதில் உண்மை இருக்கிறது. நான் பண்ணைக்காட்டில் பிறந்தவள். அங்கேயே ஐப்பசிக் காற்று எலும்புக்குள் போகும். உங்கள் ஊர் அதைவிட உயரம். ஆனால் இடுப்பு ஆபரேஷன் ஆனவருக்கு முதல் மருந்தே நடைதான். ஆபரேஷன் ஆன மறுநாளே வாக்கரைக் கொடுத்து எழுப்பி நிறுத்துவது அதனால்தான். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் கட்டும், நெஞ்சில் சளி கட்டும், முதுகில் புண் வரும். இரண்டாவது மாடியில் வைத்தால், ஒருமுறை நாற்காலியோடு தூக்கி ஏற்றியதும் தை வரைக்கும் அந்த அறைதான் அம்மாவின் உலகம். குளிரைவிட எனக்கு அந்தப் படிக்கட்டுதான் பயம். அதனால் என் ஓட்டு அம்மா பக்கம்: மேலே கூட்டிவாருங்கள். ஆனால் நாளை மறுநாளே வேண்டாம்.

தையல் பிரிக்க ஆபரேஷன் ஆனதிலிருந்து இரண்டு வாரம் போல ஆகும். அதுவரை கீழே இருங்கள். தங்கச்சி வீட்டுப் பக்கம் தரைத்தளத்தில் ஒரு அறை வாடகைக்குக் கிடைத்தால் நல்லது. காசு கொஞ்சம் போகும்தான். அதை அண்ணனிடம் கேளுங்கள், அவரிடம் பேச வேண்டியதைப் பின்னால் சொல்கிறேன். அந்த ஒரு வாரத்தில் நீங்கள் மட்டும் ஊருக்குப் போய் வீட்டைத் தயார் பண்ண வேண்டும்.

ஐப்பசியும் கார்த்திகையும் நம் பழைய கணக்கில் கூதிர்காலம். குறிஞ்சி நிலத்துக்குக் கூதிரைப் பெரும்பொழுதாகவும் யாமத்தைச் சிறுபொழுதாகவும் இலக்கணத்தில் வைத்தார்கள். காதலர்கள் சந்திக்க நல்ல நேரமாம். உங்கள் வீட்டில் அதே யாமத்தில்தான் அம்மாவுக்குச் சிறுநீர் முட்டும், வெளியே மழை பெய்யும், கரண்ட் போயிருக்கும். நீங்கள் யோசிக்க வேண்டியதெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான். பகலை எப்படியும் ஓட்டிவிடலாம். பக்கத்து வீட்டு அத்தை வந்து உட்காருவார், பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து பேசும். ராத்திரி ஒரு மணிக்கு அம்மா எழுந்தால் யார் எழுவது, எங்கே கூட்டிப்போவது?

உங்கள் ஊர்ப் பக்கம் முக்கால்வாசி வீடுகளில் கழிப்பறை வெளியே இருக்கும். இந்த மழைக்கு அது ஆகவே ஆகாது. மதுரையிலேயே சர்ஜிகல் கடையில் ஒரு கமோடு நாற்காலி வாங்கி வண்டியில் போட்டு வாருங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தால் நாலு எட்டு நடந்தால் போதும். கட்டில் முழங்கால் உயரமாவது இருக்க வேண்டும். தரையில் பாய் இனிமேல் கிடையாது. உள்ளே இடுப்பு மூட்டின் பந்தை மாற்றியிருக்கிறார்களா, கம்பியோ பிளேட்டோ வைத்திருக்கிறார்களா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பந்து மாற்றியிருந்தால் குத்தவைப்பது, சம்மணம் போடுவது, தாழ்வான முக்காலியில் குனிந்து உட்காருவது எல்லாம் மூட்டை விலக்கிவிடக்கூடும். எத்தனை நாள் ஜாக்கிரதை என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். அப்புறம் ஒரு சார்ஜ் லைட், அம்மா கைக்கு எட்டும் இடத்தில் ஒரு மணி. எங்கள் வீட்டில் மாட்டு மணியையே கட்டினோம். அப்பா அதை அடித்த அடியில் தெருவே எழுந்தது.

பூண்டை எங்கே தொங்கவிட்டிருக்கிறீர்கள்? அடுப்புக்கு மேலே கட்டி புகையில் காயவைப்பது நம் மலையில் வழக்கம். பூண்டுக்கு அது நல்லது. படுத்துக் கிடக்கும் அம்மாவின் நெஞ்சுக்கு ஆகாது. கதகதப்பாக இருக்கிறது என்று அடுப்பறையில் கட்டில் போட்டுவிடாதீர்கள். அதைவிட ஆபத்து, கதவைச் சாத்திக்கொண்டு கரி அடுப்பை உள்ளே வைப்பது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். கம்பளி, காலுறை, குல்லா போதும். வெந்நீர்ப் பை வைத்தால் துண்டில் சுற்றி வையுங்கள், வயதானவர்களின் தோல் காகிதம் மாதிரி. குளிரில் தாகம் தெரியாது, அதனால் கேட்காமலே தண்ணீர் கொடுங்கள். ராத்திரி எழ வேண்டுமே என்று பயந்து அவரே குடிக்காமல் இருந்தாலும் இருப்பார். சாயங்காலத்துக்குள் குடிக்கவைத்துவிடுங்கள்.

ஊருக்குப் போனதும் யாராவது ஒருவர் எண்ணெயோடு வருவார், "உருவிவிட்டால் சரியாகிவிடும்" என்று. உட்காரவைத்து நல்ல டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஆபரேஷன் ஆன காலை யாரும் உருவக் கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி கெண்டைக்கால் வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, தையலில் சீழோ காய்ச்சலோ வந்தாலோ, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரையோ ஊசியோ எழுதியிருப்பார்கள், எத்தனை நாள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

மருந்து எப்போதும் பத்து நாளைக்குக் கூடுதலாகக் கையில் இருக்கட்டும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வந்தபோது மரம் விழுந்து, மண் சரிந்து நம் மலைச்சாலை என்ன ஆனது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புயல் இல்லாத வருஷத்திலும் இந்த இரண்டு மாதம் அந்தச் சாலையை நம்ப முடியாது. கூட்டிவரும் நாளை மழை பார்த்து முடிவு செய்யுங்கள், தேதி பார்த்து வேண்டாம். வார நாளாக இருக்கட்டும். சனி ஞாயிறில் வெள்ளி நீர்வீழ்ச்சிப் பக்கம் சுற்றுலா வண்டிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் அம்மாவுக்குத்தான் வேதனை. காலையிலேயே வத்தலக்குண்டைத் தாண்டிவிடுங்கள், மத்தியானத்துக்கு மேல் பெருமாள்மலையில் மூடுபனி இறங்கிவிடும். முன்சீட்டைப் பின்னால் தள்ளி, தலையணை போட்டு உயர்த்தி உட்காரவையுங்கள். வழியில் ஊத்து என்ற ஊரில் ஒருமுறை நிறுத்திக் காலை நீட்டச் சொல்லுங்கள். மதுரை வாடகை வண்டி என்றால் கொடைக்கானலுக்குள் வர இ-பாஸ் எடுத்தாச்சா என்று டிரைவரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

மேலே வந்ததும் உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி வையுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021-இல் தொடங்கிய திட்டம். பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு, நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் அதில் உண்டு. கிராம சுகாதார செவிலியரைப் பிடித்தால் வேலை நடக்கும். நாம் போய்க் கேட்காமல் யாருக்கும் தெரியாது.

இனி அண்ணன். அவர் கெட்டவர் இல்லை. தூரத்தில் இருப்பவருக்குப் பயம் அதிகம், அந்தப் பயம் போனில் அதிகாரமாக வெளியே வரும். நீங்கள் அவரிடம் யோசனை கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள், அவரும் சொல்லிக்கொண்டே இருக்கிறார். இனிமேல் யோசனை கேட்காதீர்கள், ராத்திரிகளைக் கேளுங்கள். "அண்ணே, கார்த்திகையில் பத்து நாள் நீ வந்து அம்மா பக்கத்தில் படுத்துக்கோ, எந்தப் பத்து நாள்னு நீயே சொல்லு" என்று கேளுங்கள். வர முடியாது என்றால், அந்தப் பத்து ராத்திரிக்கு ஊரில் ஒரு அம்மாளை வைத்துக்கொள்ளப் பணம் அனுப்பச் சொல்லுங்கள். இரண்டில் ஒன்று, மூன்றாவது கிடையாது. தங்கச்சியிடமும் பொங்கலுக்கு முன்னால் ஒரு வாரம் கேளுங்கள். அவர் இத்தனை நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து போயிருப்பார், அதையும் மறந்துவிடாதீர்கள். உங்கள் கடிதத்தில் வீட்டுக்காரியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஊரில் தோட்டத்தையும் பிள்ளைகளையும் இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது யார்? அம்மா மேலே வந்ததும் ராத்திரிப் பொறுப்பு தானாக அவர் தலையில் போய் உட்காரும். கேட்காமலே உட்காரும், எல்லா வீட்டிலும் அதுதான் நடக்கிறது. அம்மாவைக் கூட்டிவரும் முன் அவரோடு உட்கார்ந்து, எந்த ராத்திரி யாருடையது என்று காலண்டரில் எழுதுங்கள்.

அந்தக் கல்படியைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தால் மட்டும் போதாது, பக்கத்தில் பிடித்து நடக்க ஒரு கம்பி போடுங்கள். கோழிகளை இன்னும் விற்கவில்லை என்றால் விற்காதீர்கள். கூட்டை மட்டும் படியிறங்காத இடத்துக்கு, அம்மா நாற்காலியில் இருந்தபடியே எண்ணிப் பார்க்கிற மாதிரி வாசல் பக்கம் மாற்றி வையுங்கள்.