காணாமற்போன சாதனக் கோப்பு: கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பழைய விண்டோஸ் 98 கணினிகளை இன்னும் வேலைக்கு வைத்திருப்போர் கேட்டவற்றுக்கு விடை தருகிறேன்.

கே: ஐயா, செம்பனை ஆலையின் எடைமேடையில் கிராணியாக இருக்கிறேன். வட்டில் இடமில்லையென்று கியூஇஎம்எம் என்ற நினைவக மேலாண்மை மென்பொருளின் அடைவில் சில கோப்புகளை அழித்தேன். இப்போது ‘வின்ஹைரேம்.விஎக்ஸ்டி’ என்ற சாதன இயக்கிக் கோப்பு காணவில்லை என்று செய்தி வருகிறது. விண்டோஸ் அமைப்புக் கோப்பான சிஸ்டம்.ஐஎன்ஐ முழுவதும் தேடியும் அப்பெயர் அகப்படவில்லை.

ப: அங்கே இராது, தம்பி. கணினி எழும்போது படிக்கும் கான்ஃபிக்.சிஸ் கோப்பின் வழியாக ஏறும் கியூஇஎம்எம்386.சிஸ், விண்டோஸ் தொடங்கும் வேளையில் அந்தக் கோப்பையும் ஏற்றும்படி தானே கேட்கிறது. மூல வட்டுகள் இருந்தால் மீண்டும் நிறுவிவிடுங்கள், அழித்தவை திரும்பிவிடும். இல்லையெனில், முதலில் கான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்ஸெக்.பேட் ஆகிய இரு தொடக்கக் கோப்புகளையும் நகலெடுங்கள். கணினி எழும்போது கன்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்து, வரிக்கு வரி உறுதிகேட்கும் முறையைத் தேர்ந்து, கியூஇஎம்எம் வரிக்கு மட்டும் ‘வேண்டாம்’ சொல்லுங்கள். செய்தி வராவிட்டால் அவ்வரி செயல்படாதபடி அதன் முன் ‘ரெம்’ சேர்த்து, அதனிடத்தில் விண்டோஸின் சொந்த நினைவக இயக்கிகளான ஹைமெம்.சிஸ், இஎம்எம்386.எக்ஸி ஆகியவற்றை எழுதுங்கள்.

பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். கியூஇஎம்எம்மின் ‘ஆப்டிமைஸ்’ நிரல் மற்ற வரிகளிலும், இயக்கிகளை மேல் நினைவகத்தில் ஏற்றும் ‘லோட்ஹை’ என்ற தன் நிரலைச் செருகியிருக்கும், அவற்றை ஒவ்வொன்றாகப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவராமல் அடைவை நீக்கினால், அவ்வரிகள் ஏற்றவேண்டிய இயக்கிகளும் ஏறாமற்போகும்.

கே: எனக்கு வரும் பெயர் ‘.386’ என்று முடிகிறதே?

ப: சிஸ்டம்.ஐஎன்ஐயை நகலெடுத்தபின், ‘386என்ஹ்’ பகுதியில் அப்பெயருள்ள வரி செயல்படாதபடி அதன் தொடக்கத்தில் அரைப்புள்ளி இடுங்கள்.

கே: செய்தியில் கோப்பின் பெயரே இல்லை.

ப: விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி) ‘விஎக்ஸ்டி’ கிளையின் கீழ், ‘ஸ்டேட்டிக்விஎக்ஸ்டி’ மதிப்பு வெறுமையாகவோ வெற்றிடங்களாகவோ உள்ள உருப்படியைத் தேடி நீக்குங்கள். நகலெடுக்காமல் பதிவேட்டில் கை வைக்காதீர்கள்.

கே: காணாமற்போன கோப்பை இணையத்திலிருந்து இறக்கிப் போடலாமா?

ப: கூடாது. வேறு பதிப்பின் கோப்பு கணினியை எழவே விடாமல் செய்யலாம்.

கே: நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். நினைவகத்தை இரட்டிப்பாக்கும் மென்பொருளால் எங்கள் கணினி விரைவாக ஓடியது. நீங்கள் எல்லாவற்றையும் நீக்கச் சொல்வது நியாயமா?

ப: ஐயா, கியூஇஎம்எம்மையும் இரட்டிப்பாக்கும் மென்பொருளையும் ஒன்றாக்க வேண்டாம். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் நிரல்களுக்கு 640 கிலோபைட் நினைவகமே கிடைத்த நெருக்கடியில் இடம் மிச்சப்படுத்திய கியூஇஎம்எம் உண்மையான வேலை செய்தது. 1995இல் வெளிவந்த சாஃப்ட்ரேம்95 நினைவகத்தை இரட்டிப்பாக்கும் என்று விற்கப்பட்டது. அப்படிச் செய்யவில்லை என்று அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 1996இல் நடவடிக்கை எடுத்தது.

கே: ஒன்று பொய்யென்றால் அத்தனையும் பொய்யா?

ப: இல்லை. சில மென்பொருள்கள் தரவை உண்மையிலேயே சுருக்கி வைத்தன. ஆயினும் சுருக்கவும் விரிக்கவும் செயலியின் நேரம் செலவாகும். பள்ளிக் கணினிக்குப் பழைய நினைவகப் பலகை ஒன்று கிடைத்தால் பொருத்துங்கள். பிள்ளைகள் காத்திருக்கும் நேரம் மெய்யாகவே குறையும்.

கே: எனக்கும் வின்ஹைரேம் செய்திதான் வருகிறது, என்ன செய்வது?

ப: முதல் விடையைப் படியுங்கள். அதற்கு முன் நகலெடுங்கள்.

கே: விண்டோஸ் 10இல் இதே வழி உதவுமா?

ப: உதவாது. அதில் விஎக்ஸ்டி இயக்கிகளே இல்லை. அதை நன்கறிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.